மழைக்கு விலை போட்டவர்

அத்தியாயம் 9

“திருடனா இருந்தா இவ்வளவு மலிவா விக்க மாட்டானே” என்றார் மேடம்.

எதிரே உட்கார்ந்திருந்தவர் பகலில் மருந்துக்கடை ஊழியர். மற்ற நேரத்தில், முகம் தெரியாத ஒரு லட்சம் பேர் கூடிச் சண்டை போடும் ஓர் இணையதளத்துக்கு நடுவர். அரைநாள் விடுப்பு போட்டுவிட்டு வந்திருந்தார். கையில் இருந்த தேநீர் ஆறி ஆடை கட்டிவிட்டது. இன்னும் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை.

“அதான் மேடம் எனக்கும் புரியல.”

“முதல்லேர்ந்து சொல்லுங்க. என் உதவியாளருக்குப் புரியணும்.”

“எனக்கு எல்லாம் புரிஞ்சுது” என்றார் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த உதவியாளர். “யாரோ மாடு விக்கறாங்க. விலை கம்மியா இருக்கு.”

“மாடு இல்ல சார். மாட்.”

உதவியாளர் வானொலி நிலையத்தில் முப்பது வருடம் ஒலிப்பதிவு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எல்லோரும் அவரை ‘வானொலி’ என்றே அழைத்தார்கள். பழைய வேலைக்காக மட்டும் வந்த பெயரல்ல அது. அவருக்கு அணைக்கிற பொத்தான் கிடையாது. மேடம் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் இருபத்திரண்டு வருடம் பொய் உரிமைக் கோரல்களைக் கண்டுபிடித்துவிட்டு, பல் மருத்துவமனைக்கு மேல்மாடியில் இந்தத் துப்பறியும் அலுவலகத்தைத் திறந்தவர். இருவரும் சேர்ந்து நாலு வருடமாகிறது.

நடுவர் சொல்ல ஆரம்பித்தார். துறைமுக நகரம் ஒன்றில் தபால்காரனாகச் சுற்றும் கணினி விளையாட்டு அது. உருவாக்கிய நிறுவனம் அந்த நகரத்துக்கு வெயிலை மட்டும்தான் கொடுத்திருந்தது. மற்றதையெல்லாம் விளையாடுகிறவர்களே செய்து ஒட்டினார்கள். ஒருவர் பூனைகளைச் செய்தார், இன்னொருவர் படகுகளை. அப்படிச் செய்து ஒட்டுவதற்குப் பெயர்தான் மாட். பதினோரு வருடத்துக்கு முன்னால், மழைக்காரர் என்ற புனைபெயரில் ஒருவர் அந்த நகரத்துக்கு மழையைக் கொண்டுவந்தார். அதன் பிறகு அந்த மழை இல்லாமல் யாரும் விளையாடுவதே இல்லை.

“ரெண்டு வருஷம் முன்னாடி, விருப்பப்பட்டவங்க தங்களோட மாடுக்கு விலை வச்சுக்கலாம்னு தளம் சொல்லிச்சு. அன்னைக்குப் பிடிச்சது சனியன். ஆறு மாசம் கண் முழிச்சு செய்யறவன் வெறும் நன்றியை வச்சு என்ன பண்ணுவான்னு ஒரு கட்சி. பத்து பேர் சும்மா குடுத்த கல்லை வச்சு வீடு கட்டிட்டு வாசல்ல டிக்கெட் கிழிக்கலாமான்னு இன்னொரு கட்சி.”

“நீங்க எந்தக் கட்சி?”

“நடுவர் மேடம். ரெண்டு பக்கமும் அடி வாங்கற கட்சி.” முதன்முறையாக லேசாகச் சிரித்தார். “மழைக்காரர் இலவசக் கட்சியோட தூண். மழைக்கு டிக்கெட் போட மாட்டேன்னு அவர் எழுதினதை ஆளாளுக்குச் சட்டம் மாதிரி எடுத்துக் காட்டுவாங்க. அப்படிப்பட்டவர் மூணு வாரம் முன்னாடி திடீர்னு விலை போட்டுட்டாரு. கொதிச்சுப் போயிட்டாங்க. இன்னைக்கு சாயங்காலம் ஆறு மணிக்கு வாக்கெடுப்பு. அவருக்கு எதிரா முடிஞ்சா கணக்கையே அழிச்சிடுவாங்க. பதினோரு வருஷமா அவர் எழுதினது, செஞ்சது எல்லாம் போயிடும்.”

“ஆனா அவர் செய்யலைன்னு நீங்க நினைக்கறீங்க.”

“அவர் அப்படிச் செய்யற ஆள் இல்ல மேடம். யாரோ அவர் கணக்கைத் திருடிட்டாங்க.”

“நேர்ல பார்த்திருக்கீங்களா?”

“இல்ல.”

“போன்ல?”

“இல்ல. எழுத்துல மட்டும்தான். இந்த ஊர்தான்னு தெரியும், ஒருதடவை இங்க நடந்த பஸ் வேலைநிறுத்தத்தைப் பத்திப் புலம்பினாரு. வருஷத்துல நாலஞ்சு மாசம் காணாமப் போவாரு. வரும்போது புதுசா ஒரு தூறலோட வருவாரு. இந்தத் தடவை தூறலுக்குப் பதிலா விலை வந்திருக்கு.”

விலை போட்ட அறிவிப்பை அவர் நீட்டினார். இரண்டே வரி. ‘இனிமேல் இது இலவசம் இல்லை. வேண்டும் என்பவர்கள் காரணத்தை எழுதிவிட்டு வாங்கிக்கொள்ளவும்.’ விலை, தளம் அனுமதிக்கும் மிகச் சிறிய தொகை. ஒரு தீப்பெட்டிகூட வாங்க முடியாது.

“சேர்ந்த பணம்?”

“தளத்துலயே கிடக்கு. யாரும் எடுக்கல.”

“பூட்டை உடைச்சு உள்ள வந்த திருடன், பெட்டியைத் திறக்காம, வர்றவங்ககிட்ட ‘எதுக்கு வந்தீங்க’ன்னு விசாரிச்சுக்கிட்டு உக்காந்திருக்கான்” என்றார் வானொலி. “நமக்குப் போட்டியா யாரோ துப்பறியறாங்க மேடம்.”

மேடம் சிரிக்கவில்லை. ‘காரணத்தை எழுதிவிட்டு’ என்ற சொற்களின் கீழே பென்சிலால் ஒரு கோடு இழுத்தார்.

நடுவர் போன பிறகு, அவர் விட்டுச்சென்ற மழையின் ஒலிக் கோப்புகளை வானொலி காதில் மாட்டிக்கொண்டார். அரைமணி நேரம் அவர் வாயே திறக்காதது அந்த அலுவலகத்தில் ஒரு சாதனை.

“மேடம், இந்த இடி இடியே இல்ல.”

“பின்னே?”

“மெதுவாக்கி வச்சிருக்கான் கெட்டிக்காரன். எட்டு மடங்கு வேகத்துல ஓட்டறேன், கேளுங்க.”

மேடம் கேட்டார். கடகடவென்று ஏறும் இரும்பு ஷட்டர். பாதியில் கீச்சென்று சிக்கியது. இரண்டு உதை. மறுபடி ஏறியது.

“கடை ஷட்டர். இந்த ஊர்ல ஷட்டருக்கா பஞ்சம்?”

“அவசரப்படாதீங்க. மழை விட்டப்புறம் கூரைலேர்ந்து சொட்டற துளின்னு ஒண்ணு வச்சிருக்கான். ஒவ்வொரு சொட்டும் முந்தின சொட்டைவிட ஒரு மயிரிழை மேல போகுது. போய், ஒரு இடத்துல கச்சிதமா நின்னுடுது. தண்ணிக்குச் சுருதி சேர்க்கத் தெரியாது மேடம்.”

“யாரோ சேர்க்கறாங்க.”

“பியானோ. ஒரே கட்டையைத் திரும்பத் திரும்பத் தட்டிக் கம்பியை முறுக்கறாங்க. தரை வழியா வர்ற சத்தம். அதாவது கீழ பியானோ ரிப்பேர் கடை, மேல நம்ம ஆளு.”

பியானோ பழுதுபார்க்கும் கடைகள் அந்த ஊரில் மூன்றுதான் இருந்தன. வானொலியின் பழைய காரில் கிளம்பினார்கள்.

முதல் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் உறைகள் தொங்கின. இரண்டாவது கடைக்கு ஷட்டரே இல்லை, கண்ணாடிக் கதவு. வானொலி வழிநெடுகப் பேசிக்கொண்டே வந்தார். மேடம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். முகமே தெரியாத ஒருவருக்காக அரைநாள் விடுப்பு போட்டுவிட்டு வந்த நடுவரை நினைத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை மாலை அலுவலகத்தைப் பூட்டினால் திங்கள் காலை வரை மேடம் தன் குரலைத் தானே கேட்பதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வானொலி ஏதாவது ஒரு அற்பச் சந்தேகத்துக்குப் போன் செய்வார். அது சந்தேகம் இல்லை என்று இருவருக்கும் தெரியும். இதுவரை யாரும் அதைப் பேச்சில் எடுத்ததில்லை.

மூன்றாவது கடை நான்கு மாடிக் கட்டடம் ஒன்றின் தரைத்தளத்தில் இருந்தது. பூட்டியிருந்தது. மணி மூன்றரைக்குக் கடைக்காரர் சாவியோடு வந்தார். பருத்த மனிதர். ஷட்டரைத் தூக்கினார். பாதியில் கீச்சென்று சிக்கியது. வலது காலால் இரண்டு உதை விட்டார்.

வானொலி நெஞ்சில் கை வைத்தார். “மேடம், இடி இடிச்சிருச்சு!”

கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். மேடம் முந்திக்கொண்டு, மேலே யாராவது ஒலிப்பதிவுக் கருவியோடு இருக்கிறார்களா என்று கேட்டார்.

“மூணாவது மாடித் தம்பியா? நல்ல பிள்ளை. நான் சுருதி சேர்க்கறப்ப வந்து மூலையில உக்காந்துக்குவான். ரெண்டு மணி நேரம் இருந்தாலும் ரெண்டு வார்த்தை பேச மாட்டான். அண்ணன்காரர் லிஃப்ட் மெக்கானிக். அவர் வீட்டுக்கு வர்றப்ப இவன் வேலைக்குப் போவான். ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு அவங்க ரெண்டு பேரும் பேசி நான் பார்த்ததில்ல.”

“தம்பி இப்ப இருக்காரா?”

“அஞ்சு மாசமா காணோம். அண்ணன்கிட்ட கேட்டேன். வெளியூர் போயிருக்கான்னு சொன்னாரு. அடுத்த மாசமும் கேட்டேன், அதையேதான் சொன்னாரு. அப்புறம் நான் கேக்கறதில்ல.”

லிஃப்டில் ஏறியதும் வானொலி குரலைத் தாழ்த்தினார். “பேசிக்காத அண்ணன் தம்பி. தம்பி அஞ்சு மாசமா காணோம். அண்ணன் ஒவ்வொரு தடவையும் வெளியூர்னே சொல்றாரு. மூணு வாரமா தம்பி பேர்ல வியாபாரம் நடக்குது. மேடம், நான் உங்களுக்குப் பின்னாடியே நின்னுக்கறேன்.”

“ஏன், முன்னாடி நில்லுங்களேன்.”

“உங்களுக்குக் காப்பீடு இருக்கு. எனக்கு ஓய்வூதியம்தான்.”

ஆனால் வானொலி அடுக்கியதில் ஒரு கண்ணியும் தப்பில்லை.

கதவைத் திறந்தவருக்கு ஐம்பது வயது இருக்கும். நீல வேலைச் சட்டை, நகக்கண்ணில் மசகு. மேடம் தான் யார் என்று சொன்னார். மழைக்காரரைப் பார்க்க வேண்டும் என்றார்.

அந்த மனிதர் முகத்தில் பயம் வரவில்லை. வந்தது ஒருவிதமான ஆவல்.

“அவனை உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டார்.

அந்தக் கேள்வி மேடத்தை நிறுத்திவிட்டது. குற்றம் செய்தவர்கள் ‘எந்த மழைக்காரர்?’ என்பார்கள். அவர் பார்த்த இருபத்திரண்டு வருடத்தில் ஒருவர்கூட இப்படிக் கேட்டதில்லை.

ஒற்றை அறை, சமையலுக்கு ஒரு மூலை. எதிரெதிர்ச் சுவர்களில் இரண்டு கட்டில்கள். ஒன்றில் கசங்கிய போர்வை. மற்றதில் போர்வை மடிப்புக் கலையாமல், அதன் மேல் ஒரு காதொலிக் கருவி. நடுவே மேசையில் கணினி ஓடிக்கொண்டிருந்தது. திரையில் விளையாட்டு இல்லை, கடிதங்கள்.

“உங்க தம்பி எங்க?” என்றார் மேடம்.

அண்ணன் கட்டிலைப் பார்த்தார். பிறகு தரையை.

“கிடங்கு வேலையா வெளியூர் அனுப்பிச்சாங்க. பஸ் நிலையத்துல நெஞ்சு வலின்னு உக்காந்தவன் எழுந்திருக்கல. முப்பத்தெட்டு வயசு. நான் போய்ச் சேர்றதுக்குள்ள முடிஞ்சு போச்சு. அங்கேயே எல்லாம் பண்ணிட்டேன். நானு, வண்டி ஓட்டின டிரைவர், ஆஸ்பத்திரில கையெழுத்து வாங்கின கிளார்க். மூணே பேர்.” சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டார். “கீழ கேட்டாங்க. வெளியூர்லதான் இருக்கான்னு வாயில வந்துடுச்சு. அது பொய்யும் இல்லையே.”

வானொலி சத்தமில்லாமல் வாசலோரம் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“விலை போட்டது நீங்கதான்.”

“ஆமா மேடம். பணத்துக்கு இல்ல. சத்தியமா அதுல ஒரு காசு தொடல.”

“தெரியும். எதுக்குன்னு சொல்லுங்க.”

அவர் சொல்ல வெகுநேரம் பிடித்தது. வாக்கியம் வாக்கியமாக எடுத்து வைத்தார். தம்பி போன பிறகு கணினியை அணைக்க மனம் வரவில்லை. ஒருநாள் உட்கார்ந்து பார்த்தார். தம்பி செய்த மழையை நாலு லட்சம் பேர் எடுத்துப் போயிருந்தார்கள். நாலு லட்சம் பேர்! அதில் நாலு பேராவது இவனைப் பற்றிப் பேசியிருப்பார்கள் என்று தேடினார். எடுத்தவர்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டிருந்தார்கள். கட்டைவிரல் படம் நிறைய இருந்தது. ‘இதைச் செய்தவர் எப்படிப்பட்டவர்?’ என்று எழுதிப் பார்த்தார். யாரும் பதில் போடவில்லை.

“அவன்கூட முப்பத்தெட்டு வருஷம் இருந்தேன். எனக்கு அவனைத் தெரியாது மேடம். தெரிஞ்சவங்ககிட்ட கேக்கலாம்னா யாரையும் தெரியல. அப்பதான் அந்தப் பக்கத்துல ஒரு கட்டம் இருந்துச்சு. விலை வச்சா, வாங்கறவங்க ஏதாவது எழுதித்தான் ஆகணும்னு வச்சுக்கலாமாம். வச்சேன். முதல் நாளே இருநூத்திப் பன்னெண்டு கடிதம்.”

“எல்லாம் திட்டி.”

“முக்காவாசி திட்டுதான். நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி. ஆனா பாருங்க…” நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். விரலால் திரையைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். “‘என் பரீட்சை சமயத்துல மூணு மணி நேரம் பொறுமையா சொல்லிக் குடுத்த மனுஷனா நீ’ன்னு கேக்கறான் ஒருத்தன். ‘உன் தூறல்லதான் என் கைக்குழந்தையைத் தூங்க வச்சேன், இப்படி மாறிட்டியே’ன்னு ஒரு அம்மா. திட்டணும்னாலும் அவனைத் தெரிஞ்சிருக்கணும்ல? ஒவ்வொரு திட்டுலயும் அவன் கொஞ்சம் கொஞ்சம் இருந்தான். தினமும் வேலை முடிஞ்சு வந்து படிப்பேன். சாவுக்கு வராதவங்க இப்ப வந்து சொல்ற மாதிரி இருந்துச்சு.”

மேடம் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து ஆகப் பத்து நிமிடம். வாக்கெடுப்பைப் பற்றிச் சொன்னார். ஆறு மணிக்குக் கணக்கு அழிந்தால் இந்தக் கடிதங்களும் போய்விடும், தம்பி எழுதிய பதில்களும் போய்விடும்.

“அவன் எழுதினதா?” அண்ணன் திரும்பினார். “அவன் எங்க மேடம் எழுதினான்? அவன் பேசவே மாட்டானே.”

மேடமும் வானொலியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வானொலி எழுந்து வந்து, சுட்டியை வாங்கி ஓரத்தில் இருந்த சின்னப் பட்டையை அழுத்தினார். மூன்று வாரமாக அண்ணன் விற்பனைப் பக்கத்தைத் தாண்டியதில்லை. விவாதத் தளம் அந்தப் பட்டைக்குப் பின்னால் இருந்தது.

மழைக்காரரின் பதில்கள்: பதினோராயிரத்துச் சொச்சம்.

அண்ணன் வாய் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். பக்கம் பக்கமாக ஓடியது. பேசாத அந்த மனிதன் வாய் ஓயாமல் பேசியிருந்தான். கேலி செய்திருந்தான், சண்டையைச் சமாதானம் செய்திருந்தான், ஒருத்தனின் காதல் தோல்விக்கு ஐந்து பத்தி எழுதியிருந்தான்.

“‘அண்ணன்’னு போட்டுத் தேடுங்க” என்றார் மேடம்.

வானொலி தேடினார். யாரோ கேட்டிருந்தார்கள்: மலை உச்சிக் காற்று இவ்வளவு நிஜமாக இருக்கிறதே, எந்த மலையில் பதிவு செய்தீர்கள்?

பதிலை அண்ணனால் படிக்க முடியவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டும் முடியவில்லை. வானொலிதான் படித்தார், செய்தி வாசிப்பவரின் நிதானத்தோடு.

“‘மலையெல்லாம் இல்லைங்க. எங்க கட்டடத்து லிஃப்ட். மத்த லிஃப்ட் எல்லாம் இருமும். எங்க அண்ணன் கை பட்ட லிஃப்ட் இப்படித்தான் மூச்சு விடும். என் லீவு நாள்ல, அவர் பகல்ல தூங்கறப்ப நான் போய் அதுல ஏறி இறங்கிப் பதிவு பண்ணினேன். அவருக்குத் தெரியாது. தெரிஞ்சா கேலி பண்ணுவார்னு சொல்லல.’”

“நான் கேலி பண்ணியிருக்க மாட்டேன்” என்றார் அண்ணன், திரையைப் பார்த்து. “ஏன்டா, நான் கேலி பண்ணியிருக்க மாட்டேன்டா.”

மேடம் வெளியே தாழ்வாரத்துக்கு வந்து நடுவருக்குப் போன் செய்தார். சுற்றி வளைக்காமல் சொன்னார். எதிர்முனையில் யாரோ இருமல் மருந்து கேட்பதும், ஒருவர் சில்லறை இல்லை என்பதும் கேட்டது. நடுவர் “ஒரு நிமிஷம்” என்றார். அந்த ஒரு நிமிடம் நாலு நிமிடமாக நீண்டது. திரும்பி வந்தபோது அவர் மூக்கு அடைத்திருந்தது.

“விலையைப் பார்த்த அன்னைக்கு நான் அவருக்கு ரொம்ப மோசமா ஒண்ணு எழுதிட்டேன் மேடம். பதில் வரலைன்னு கோபம் வேற.”

“அதை அவங்க அண்ணன் படிச்சிருப்பாரு.”

“திட்டினாரா?”

“சந்தோஷப்பட்டிருப்பாரு. அவர் கையாலேயே எழுதச் சொல்றேன். அதுவரைக்கும் வாக்கெடுப்பை நிறுத்தி வைங்க.”

“இப்பவே நிறுத்திடறேன் மேடம்.”

அண்ணன் ஒற்றை விரலால் தட்டினார். யாரையும் உதவிக்கு விடவில்லை. நாலு வரிக்கு அரைமணி நேரம் ஆனது.

‘மழைக்காரர் என் தம்பி. ஐந்து மாதம் முன்பு இறந்துவிட்டான். விலை போட்டது நான், அவன் இல்லை. அவனைத் திட்ட வேண்டாம், என்னைத் திட்டலாம். அவனைப் பற்றித் தெரிந்துகொள்ளத்தான் செய்தேன். மன்னிக்கவும். அண்ணன்.’

அனுப்பினார். பிறகு விலை இருந்த கட்டத்துக்குப் போனார். விரல் நின்றது.

“இதை எடுத்துட்டா இனிமே யாரும் எழுத மாட்டாங்கல்ல மேடம்?”

எழுதுவார்கள் என்று சொல்லிவிடலாம். சுலபமான பொய். ஆனால் மேடத்துக்கு அந்த அறையில் பொய் சொல்ல வாய் வரவில்லை.

“தெரியல” என்றார்.

அவர் தலையாட்டிவிட்டு விலையை எடுத்தார்.

மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். திரையில் அசைவில்லை. மேடம் மடிப்புக் கலையாத அந்தப் போர்வையையே பார்த்துக்கொண்டிருந்தார். இதையும் எடுத்துவிட்டோமோ இந்த மனிதரிடமிருந்து என்று இருந்தது.

ஆறேகாலுக்குத் திரையில் ஒரு வரி விழுந்தது. யாரென்று அண்ணனுக்கும் தெரியவில்லை. அதுவரை கடிதம் எழுதாத ஏதோ ஒரு புனைபெயர். அவர் முகத்தைத் திரைக்கு அருகே கொண்டுபோய், எழுத்துக் கூட்டுவதுபோல் படித்தார்.

“‘அண்ணா, சாப்பிட்டீங்களா?’”

நிமிர்ந்து மேடத்தைப் பார்த்தார். ஐந்து மாதமாக யாரும் கேட்காத கேள்வி என்பது அந்தப் பார்வையில் இருந்தது.

“இதுக்கு என்ன மேடம் பதில் எழுதணும்?”

“சாப்பிட்டீங்களா?”

“இன்னும் இல்ல.”

“அப்ப அதையே எழுதுங்க.”

அவர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். மசகு படிந்த ஒற்றை விரலை நீட்டி, ‘இ’ எங்கே இருக்கிறது என்று தேட ஆரம்பித்தார்.